பதினாலாம் அறை

"என்னோட பாதாளத்துல யாரும் யாரையும் கொல்ல மாட்டேங்கிறாங்க டீச்சர்," என்றார் கஜபதி.

பிலோமினா டீச்சர் ஒரு மூக்குக்கண்ணாடியின் காலை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்ல விஷயம்தானே."

"விளையாட்டே அதுதானே டீச்சர்."

கஜபதிக்கு ஐம்பது வயது. டீச்சருக்கு முப்பத்திரண்டு. வயதைப் பார்த்து யாருக்கு யார் குரு என்று முடிவு செய்கிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடி வைத்துவிடலாம்.

பிலோமினா பள்ளிக்கூட டீச்சர் இல்லை. திருச்சி பாலக்கரையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு நீள மேசை, சில நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே ஆட்கள் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

கதையை நடத்தக் கற்றுக்கொடுப்பதில் டீச்சரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. கற்றுக்கொடுக்கிற விதம்தான் கொஞ்சம் முரடு.

கஜபதி காலேஜ் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் இந்த விளையாட்டுக்காக ஒரு பாதாளம் எழுதினார். பெயர் இருள்கோட்டை. பூமிக்கு அடியில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பொறி, இல்லாவிட்டால் ஒரு பூதம், இல்லாவிட்டால் ஒரு புதையல். வீரர்கள் கதவை உடைத்து உள்ளே போக வேண்டும். இருப்பதைக் கொல்ல வேண்டும். கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த கதவு.

ஜெராக்ஸ் பிரதியாக அது எத்தனையோ ஹாஸ்டல்களைச் சுற்றி வந்தது. அவர் வாழ்க்கையில் நாலு பேர் பாராட்டிய காரியம் அது ஒன்றுதான். அதை இன்றைய ஆட்களுக்கு ஏற்றபடி புதுப்பிக்க வேண்டும் என்றுதான் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

புதுப்பிக்கவும் செய்தார். சத்தமில்லாமல் ஆளை விழுங்கிய பள்ளத்துக்கு ஓர் எச்சரிக்கை வைத்தார். விஷ அம்புக்கு மருந்து வைத்தார். மாடி மேசையில் மூன்று பேரை வைத்து நடத்தியும் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, பதிமூன்றாம் அறை வரைக்கும்.

"பதினாலாம் அறையில என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"அம்சவேணி எழுந்து போயிட்டா."

"ஏன்?"

"தெரியல."

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "தெரியலன்னா போங்க. தெரிஞ்சதும் வாங்க."

கஜபதி போகவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பழைய பாதாளங்களில் ஒவ்வொரு அறைக்கும் கட்டம் கட்டிய ஒரு பத்தி இருக்கும். வீரர்கள் கதவைத் திறந்ததும் கதை நடத்துகிறவர் அதை உரக்கப் படிப்பார். கட்டத்துக்குக் கீழே இருப்பது அவர் கண்ணுக்கு மட்டும்.

அன்றைக்குக் கஜபதி கட்டத்தைப் படித்தார். அவருக்குக் குரல் நன்றாக இருக்கும். அதில் அவருக்கும் சந்தேகம் கிடையாது.

"கதவை உதைத்துத் திறக்கிறீர்கள். துர்நாற்றம் முகத்தில் அறைகிறது. கருத்த, வியர்த்த உருவங்கள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. வெளிச்சத்தில் அவற்றின் கண்கள் கூசுகின்றன. புரியாத ஒலியில் ஏதோ உளறுகின்றன."

"யாரு அவங்க?" என்று அம்சவேணி கேட்டாள்.

"குழியர். இந்தக் கோட்டையிலயே கிடக்கிற கூட்டம்."

"கையில என்ன வெச்சிருக்காங்க?"

கஜபதி தாளைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. இது பொம்பளைங்க, பிள்ளைங்க இருக்கிற அறை."

மேசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நிஜாம், சுகந்தி. பகடையைக் கையில் எடுத்தவர்கள் மறுபடி கீழே வைத்துவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்றாங்க?" அம்சவேணி விடவில்லை.

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருக்காங்க. நீங்க பகடையை உருட்டுங்கம்மா."

"எதுக்கு?"

"கொன்னா தலைக்குப் பத்துப் புள்ளி."

அம்சவேணிக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.

"எங்க தெருவுக்கும் இப்படித்தான் சார் வந்தாங்க. நான் அப்ப ஒண்ணாவது. கதவை உதைச்சுத்தான் திறந்தாங்க. கையில டார்ச் லைட்டு. நாங்க மூலையிலதான் இருந்தோம்."

அப்போதாவது கஜபதி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம்.

"சொந்தக் கதையை எல்லாம் விளையாட்டுக்குள்ள கொண்டு வராதீங்கம்மா," என்றார்.

"கொண்டு வந்தது நான் இல்ல சார்."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நிஜாமும் சுகந்தியும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, "அவ வரலன்னா எங்களுக்கும் வேண்டாம் சார்," என்று எழுந்தார்கள்.

இருள்கோட்டை பதினாலாம் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டது.

"அவ்வளவுதான் டீச்சர். வெறும் பேப்பர். வெறும் பேரு. அவங்க ஆளுங்களை மனசுல வெச்சா நான் எழுதினேன்? விளையாட்டை விளையாட்டாப் பாக்கத் தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

"அந்த அறையில தண்ணி எங்க இருக்கு?"

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணி."

"அதுங்க பூதம் டீச்சர்."

"பிள்ளைங்க இருக்குன்னீங்களே. பிள்ளைக்குத் தாகம் எடுத்தா?"

கஜபதிக்கு எப்போதும் மூக்குக்கு மேலேதான் கோபம். "நான் அம்சவேணியைத் திரும்ப மேசைக்கு வரவைக்க வழி கேட்டேன். நீங்க குழாய் கனெக்‌ஷன் கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டுப் படபடவென்று வெளியே போனார்.

வீட்டில் உட்கார்ந்து திருத்தினார். திருத்திக்கொண்டு வந்தார்.

"குழியர்ங்கிற பேரை எடுத்துட்டேன். கருப்பு நிறத்தையும் எடுத்துட்டேன். இப்ப அவங்க பச்சை. உலகத்துல பச்சை மனுஷனே கிடையாது. இனிமே யாருக்கும் வலிக்காது."

டீச்சர் தாளைப் படித்தார்.

"பச்சைப் பிள்ளையைக் கொன்னாலும் பத்துப் புள்ளிதானா?"

கஜபதி தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடுத்த தடவை வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. இது தவறாத மருந்து என்று நம்பி வந்திருந்தார்.

"பிரச்சினையே இல்ல டீச்சர். அந்த அறையைக் காலி பண்ணிட்டேன்."

"அதுல இருந்தவங்க?"

"எடுத்துட்டேன்."

"எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. இல்லவே இல்ல. வீரர்கள் கதவைத் திறந்தா காலி அறை. தரையில ஒரு உடைஞ்ச பானை கிடக்கும், அவ்வளவுதான்."

"யாரோட பானை?"

கடைக்கு வந்த ஒரு பெரியவர் பவர் செக் பண்ண வேண்டும் என்றார். டீச்சர் எழுந்து போனார். அவர் திரும்பி வரும்போது கஜபதி இல்லை. தாள் குப்பைக்கூடையில் இருந்தது.

மூன்றாவதாக அவர் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். அதைக் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

"இந்தத் தடவை அவங்களை நல்லவங்களா ஆக்கிட்டேன். கதவு திறந்ததும் எழுந்து வர்றாங்க. பழம் தர்றாங்க. வீரர்களுக்கு மாலை போடறாங்க. எங்களைக் கண்டுபிடிச்சதுக்கு நன்றின்னு சொல்றாங்க. கேட்டாலே கண்ணுல தண்ணி வரும்."

டீச்சர் மாடி அறையில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தாள்களை மாடிப்படியில் விட்டெறிந்தார். ஒவ்வொன்றாகப் படி இறங்கிக் கீழே போய்ச் சேர்ந்தன.

"கதவை உதைச்சவனுக்கு மாலையா?"

"டீச்சர்..."

"அவங்களுக்குக் கோபம்கூட வராதா சார்? அதுக்குக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

டீச்சரின் குரல் அப்படி ஏறி கஜபதி கேட்டதே இல்லை. ஆனால் கஜபதியும் இப்போது கொதித்துக்கொண்டுதான் இருந்தார்.

"கெட்டவங்களா வெச்சாலும் தப்பு. எடுத்தாலும் தப்பு. நல்லவங்களா வெச்சாலும் தப்பு. என்னதான் எழுதணும்னு சொல்லித் தொலைங்களேன். சொல்லிக்குடுக்கத்தானே டீச்சர்?"

மாடி அறைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி போட்டு வைக்கிற ஒரு சின்ன ரூம் உண்டு. ஜன்னல் கிடையாது. டீச்சர் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"உள்ள போங்க."

"எதுக்கு?"

"பதினாலாம் அறை."

வீம்புக்கென்றே கஜபதி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

முதலில் சிரித்தார். ஒரு பாடம் என்றால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார். பிறகு சுவிட்சைத் தேடினார். அது வெளியே இருந்தது. மே மாத மத்தியானம். சட்டை முதுகோடு ஒட்டியது. பெட்டிகளுக்கு நடுவே கால் நீட்ட இடமில்லை, மூலையில்தான் உட்கார முடிந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அறை நாற ஆரம்பித்தது. அது அவருடைய வியர்வைதான் என்று புரிய நேரமானது.

தாகமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

திட்டினார். உரக்கவே திட்டினார். முப்பத்திரண்டு வயசுப் பொண்ணுகிட்டப் போய்க் கைகட்டி நின்னேனே, எனக்கு வேணும் என்று தன்னையும் சேர்த்துத் திட்டினார்.

அப்போது மாடிப்படியில் காலடி கேட்டது. மெதுவாக, அவசரமில்லாமல் ஏறி வரும் காலடி.

டீச்சர்தான். அது கஜபதிக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கை இருட்டில் கதவைத் தடவியது. உள்பக்கத் தாழ்ப்பாளைத் தேடியது. மேலே இல்லை. நடுவில் இல்லை. கீழேயும் இல்லை. வழவழவென்று வெறும் பலகை. காலடி கதவுக்கு வந்து நின்றது. கஜபதி பின்னால் நகர்ந்து நகர்ந்து மூலைக்கே போய்விட்டார்.

வெளியே தாழ்ப்பாள் விலகியது. கதவு உதைபட்டுத் திறந்தது. டார்ச் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது.

டீச்சர் ஒரு தாளைப் படித்தார். பழைய தாள், திருத்தம் எதுவும் செய்யாதது. பன்மையை மட்டும் ஒருமை ஆக்கிக்கொண்டார். மற்றதெல்லாம் கஜபதி எழுதியபடியே.

"கதவை உதைத்துத் திறக்கிறீர்கள். துர்நாற்றம் முகத்தில் அறைகிறது. கருத்த, வியர்த்த உருவம் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. வெளிச்சத்தில் அதன் கண்கள் கூசுகின்றன."

கண்ணுக்கு முன்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்த கஜபதி, "டீச்சர், நான்தான், அந்த லைட்டைக் கொஞ்சம்..." என்றார்.

"புரியாத ஒலியில் ஏதோ உளறுகிறது."

பகடை சிமெண்டுத் தரையில் உருண்டது. டீச்சர் குனிந்து பார்த்தார்.

"பதினெட்டு. அடி விழுந்துடுச்சு."

"இருங்க, இருங்க. என் முறை வரட்டும்."

"கட்டத்துக்குக் கீழ நீங்களே எழுதியிருக்கீங்க சார்." டீச்சர் தாளில் விரல் வைத்துப் படித்தார். "உள்ளே இருப்பவை திடுக்கிட்டு நிற்கும். அவற்றுக்கு முறை கிடையாது."

தாளைக் கஜபதியின் மடியில் போட்டார். கீழே கடையில் யாரோ கூப்பிட்டார்கள்.

"பத்துப் புள்ளி," என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிப் போனார்.

கதவு திறந்தே கிடந்தது. கஜபதி உடனே எழுந்து வரவில்லை. முதலில் கோபம் டீச்சர்மேல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது அந்தத் தாளை எழுதியவன்மேல் போனது. அவனைத் திட்ட அவருக்குக் கெட்ட வார்த்தை போதவில்லை.

மறுநாள் சாயங்காலம் கண் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். வேலை முடிந்து வந்த அம்சவேணி அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே பேசினாள்.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

இப்போது அவள் அவரைப் பார்த்தாள்.

"பிலோமினா அக்கா அனுப்பினாங்களா?"

"இல்ல. அவங்க என்னை ஏற்கெனவே கொன்னுட்டாங்க."

அவளுக்குப் புரியவில்லை. கஜபதி விளக்கவும் இல்லை.

"அவங்களைப் பச்சை ஆக்கிப் பார்த்தேன்," என்றார். "அங்கிருந்து எடுத்துப் பார்த்தேன். மாலை போட வெச்சுப் பார்த்தேன்."

"மாலையா? யாருக்கு?"

"உள்ள வர்ற வீரர்களுக்கு."

செருப்பைக் கழற்றிவிடுவாளோ என்று நினைக்கும்படி அவள் முகம் மாறியது. கஜபதி நகரவில்லை. கழற்றினாலும் நின்றிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

"இப்ப?" என்றாள்.

"அவங்க அங்கயேதான் இருக்காங்க. கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

பஸ் வந்தது. அம்சவேணி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிஜாமும் சுகந்தியும் வந்தார்கள். அம்சவேணி போன் பண்ணி வரச் சொன்னாளாம். அவளைக் காணோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே கடை விடுமுறை, டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிங்க சார்," என்றாள் சுகந்தி. "வந்தா வரட்டும்."

கஜபதி தன் முன்னால் மறைப்பு அட்டையை நிமிர்த்தி வைத்தார். கதை நடத்துகிறவர் தன் தாள்களை மற்றவர்கள் பார்த்துவிடாமல் இருக்க நிறுத்திக்கொள்கிற அட்டை அது. அதற்குப் பின்னால் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. இந்த விளையாட்டில் பகடை தவறினாலும் அந்த வழக்கம் தவறாது.

"பதினாலாம் அறைக்கு வந்துட்டோம்," என்றான் நிஜாம்.

கஜபதி குனிந்து பார்த்தார். கட்டத்துக்குள் எதுவும் எழுதவில்லை.

"கதவு மூடியிருக்கு," என்றார்.

"உள்ள என்ன சத்தம்?"

"தெரியல."

"நீங்கதானே சார் சொல்லணும்."

"ஆமா. ஆனா எனக்குத் தெரியல."

நிஜாம் சுகந்தியைப் பார்த்தான். மனுஷனுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்சவேணி வந்தாள். யாரையும் விசாரிக்கவில்லை. சுகந்திக்குப் பக்கத்தில் அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியை இழுத்தாள். உட்காரவில்லை. தரையில் கீச்சிட அதை இழுத்துக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தாள். மறைப்பு அட்டைக்குப் பின்னால், கஜபதிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கஜபதி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவேணி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பதினாலாம் அறையைத் தேடிப் பிடித்தாள். விரலை அதன் கதவுமேல் வைத்தாள்.

"உள்ள எத்தனை பேரு?"

"முன்னாடியெல்லாம் பகடை உருட்டித்தான் வெப்பேன்."

"இன்னிக்கு?"

"உருட்டல."

"என்னைச் சேத்துக்குங்க."

கஜபதி தலையசைத்தார்.

"தாழ்ப்பாள் போட்டாச்சு," என்றாள் அம்சவேணி. அட்டைக்கு மேலாக நிஜாமையும் சுகந்தியையும் பார்த்தாள்.

"இப்ப வரச் சொல்லுங்க சார்."